அப்பாவின் வலது காது

செவிலிமேடு, காஞ்சிபுரம்
18 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். மலையில் மழை பிடித்திருக்கும். போன வருடம் போல இந்த வருடமும் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆயிற்று. ஆடி முடிந்து வரும் முகூர்த்தங்களுக்கான வேலையால் ஸ்டூடியோவில் தலையைத் தூக்க முடியவில்லை. கல்யாண பேனர், மஞ்சள் நீராட்டு பேனர், நடுநடுவே கண்ணீர் அஞ்சலி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து திறந்த கடை. நீ மடத்துக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. பழைய ஆட்கள் இன்னும் படியேறி வந்ததும் "அக்கா இல்லியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இப்போது என்னோடு அபி என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறாள். கெட்டிக்காரி. இன்ன மாதிரி வேண்டும் என்று நாலு வரி டைப் அடித்தால் படத்தைத் தானே போட்டுக் கொடுக்கும் ஏஐ எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன மாதம் ஒரு பட்டுக்கடைக்கு விளம்பரம் கேட்டார்கள். பெண்ணையும் சேலையையும் அதிலேயே செய்து பேனர் அடித்துக் கொடுத்தோம். பேனரைப் பார்த்துவிட்டு ஒரு கல்யாணப் பெண் கடைக்குப் போய் அதே சேலைதான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாளாம். அப்படி ஒரு சேலை உலகத்திலேயே இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. கடைக்காரர் எனக்கு போன் போட்டு, "இன்னாபா இது, எந்த தறியில போய் தேடறது?" என்றார்.

முன்பெல்லாம் நாள் முழுக்க இங்கே வரைந்து கை வலியோடு முசரவாக்கம் வீட்டுக்குப் போவோம். இப்போது நான் வரைவதில்லை. அது கொடுப்பதில் எது தேவலாம் என்று பொறுக்குகிறேன். அதிலும் களைப்பு வருகிறது. அது வேறு விதமான களைப்பு.

அப்பா காலையில் முசரவாக்கம் பஸ் நிறுத்தத்து டீக்கடை வரைக்கும் நடந்து போய் வருகிறார். சென்ட்ரிங் வேலையை விட்ட பிறகும், ஊரில் யார் வீட்டுக்குக் கூரை போட்டாலும் போய் நின்று பலகை சரியில்லை என்று குறை சொல்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
கமல்

*

மடம்
6 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி கமலுக்கு,

ஆண்டவரின் அமைதி நம் வீட்டில் இருக்கட்டும். நான் நலம். குளிர் பழகிவிட்டது.

பேனர் சேலையைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் சொல்லிக் காட்டினேன். அந்தக் கல்யாணப் பெண்ணுக்குக் கடைசியில் எந்தச் சேலை கிடைத்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒரு செய்தி. வருகிற மே மாதம் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் சாகும்வரை இந்தச் சுவருக்குள்தான். அதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் கிளம்பிப் போகலாம். கதவு திறந்திருக்கிறது என்று மடத்துத் தாய் அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார். வார்த்தைப்பாடு அன்றைக்குக் குடும்பத்தார் வரலாம். நீயும் அப்பாவும் வரவேண்டும்.

நான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. அம்மா இல்லாத வீட்டில் உன்னையும் அப்பாவையும் விட்டுவிட்டு வந்தவள் நான். அப்பா நன்றாக இருக்கிறார் என்றால் என்னால் நிம்மதியாக முடிவெடுக்க முடியும். உன் கடிதத்தை மட்டும் வைத்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. நீ நல்லதை மட்டுமே எழுதுகிறவன். இங்கே போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான், திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் அதுவும் இல்லை. அதனால் அப்பாவை இப்போது எப்படி இருக்கிறாரோ அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்பு.

ஜெபத்தில் உங்களை நினைத்துக்கொள்ளும்,
அம்சா

*

செவிலிமேடு
20 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை, வேலைதான்.

நீ கேட்ட அப்பா படம் இதனுடன் இருக்கிறது. போன வாரம் வீட்டு வாசலில் எடுத்தது. வெள்ளைச் சட்டை நீ வாங்கிக் கொடுத்தது.

உன் முடிவில் நான் தலையிட மாட்டேன். நீ மடத்துக்குப் போனபோதும் தலையிடவில்லை.

இப்போதெல்லாம் மத்தியானமே கிளம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன். மிச்சத்தை அபி பார்த்துக்கொள்கிறாள். சமையலுக்குப் பக்கத்துத் தெரு காந்தா அத்தை வந்துவிட்டுப் போகிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

கமல்

*

மடம்
10 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உங்கள் நலம் வேண்டி ஜெபிக்கிறேன். நான் நலமே.

படம் கிடைத்தது. என் அறையில் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். அப்பா நன்றாகத் தெரிகிறார். வயதே ஏறவில்லை போலிருக்கிறது.

காந்தா அத்தை சமைக்க வருவதாக எழுதியிருந்தாய். அப்பாவுக்கு அடுத்தவர் கைச் சமையல் இறங்காதே. குழம்பில் உப்பு போதவில்லை என்று அவரே எழுந்து போய்ப் போட்டுக்கொள்வாரே. இப்போது ஒன்றும் சொல்வதில்லையா? டீக்கடைக்கு இன்னும் போகிறாரா? நீ ஏன் மத்தியானமே வீட்டுக்குப் போகிறாய்?

அடுத்த கடிதத்தில் அப்பாவை இரண்டு வரி எழுதச் சொல். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வரை நான் எழுத முடியாது. அதற்குள் எழுது.

அம்சா

*

செவிலிமேடு
26 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அப்பாவுக்குக் கை வலி. அதனால் எழுதவில்லை. உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம் என்னைப் போட்டுக் குடைகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும். லோகாம்பாள் என்று ஓர் அம்மா. செவிலிமேட்டிலேயே இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் மகன் லோகேஸ்வரன் பைக் விபத்தில் போய்விட்டான். அஞ்சலி போஸ்டர் நம்மிடம்தான் அடித்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா ஒருநாள் வந்து, "அவன் பேசற மாதிரி ஏதோ பண்றீங்களாமே, அத பண்ணிக் குடுபா" என்று கேட்டார்கள். பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜையும் ஒரு போட்டோவையும் வைத்து அபி செய்தாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்து, "அம்மா, சாப்டியா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான்.

அந்த அம்மா மானிட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அபி எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் கடையைச் சாத்திவிட்டு நேராக இங்கே வருகிறார்கள். மாலை போட்டு மாப்பிள்ளைக் கோலத்தில் செய்து கொடு என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வயது ஏறினால் எப்படி இருப்பான் என்று காட்டு என்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. செய்து கொடுக்கும்போது நல்ல காரியம் செய்கிற மாதிரியும் இருக்கிறது, ஏதோ தப்பு பண்ணுகிற மாதிரியும் இருக்கிறது. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

களைப்பாக இருக்கிறது அக்கா. மற்றபடி நலம்.

கமல்

*

மடம்
28 டிசம்பர் 2024

அன்புத் தம்பி கமலுக்கு,

கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி உனக்கும் அப்பாவுக்கும். நான் நலம்.

ஒரு மாதம் எழுத முடியாமல் இருந்தது நல்லதுதான். உடனே எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன்.

அப்பாவுக்கு வலது காது மடல் கிழிந்திருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கட்டுக்கம்பி இழுத்துக் கிழித்தது. தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனார். நீ அனுப்பிய படத்தில் இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன. இரண்டு கன்னமும் ஒன்றுபோல இருக்கின்றன. வலது பக்கம் முழுவதும் இடது பக்கத்தைத் திருப்பிப் போட்டது. கல்யாண ஆல்பத்தில் கண் மூடியவர்களுக்கு நாம் செய்துகொண்டிருந்த வேலைதான் இது. உன் கை எனக்குத் தெரியாதா?

கவரைப் பிரித்த அன்றே தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அதைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. அந்தக் காதை நீ மறக்கிறவன் இல்லை. நீயே கவனிக்காமல் விட்டிருக்கிறாய் என்றால் எவ்வளவு அலுத்துப்போயிருப்பாய் என்று நினைத்தேன்.

அப்பாவின் வலது பக்கத்துக்கு என்ன ஆயிற்று? உயிரோடு இருக்கிறாரா என்பதை முதல் வரியில் எழுது.

அம்சா

*

முசரவாக்கம்
9 ஜனவரி 2025

அக்கா,

அப்பா உயிரோடு இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னைத் திட்டுகிறார்.

உன் செப்டம்பர் கடிதம் வந்த வாரத்தில்தான் நடந்தது. டீக்கடைக்குக் கிளம்பியவர் செருப்பைப் போடக் குனிந்து அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. காந்தா அத்தை சமையலுக்கு மட்டும் வருவதில்லை. நான் ஸ்டூடியோவில் இருக்கும்போது அப்பாவோடு இருப்பதற்காக வருகிறார்கள். மத்தியானத்துக்கு மேல் நான் வந்து குளிப்பாட்டி, கை காலை மடக்கி நீட்டி, எல்லாம் செய்கிறேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். படம் எடுக்கத்தான் எடுத்தேன். எடுத்ததை அவரிடம் காட்டியதும் போனைத் தள்ளிவிட்டார்.

"இது நான் இல்லடா. அவளுக்கு இத அனுப்பாத."

"அக்கா கேக்குதே பா."

"இத பாத்தான்னா மூட்டைய கட்டிக்கினு வந்துடுவா. நீ கம்ப்யூட்டர்ல இன்னா இன்னாவோ பண்றியே, என்னை ஒழுங்கா பண்ணி அனுப்பு."

இதை ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தால் செய்துவிட்டு மறந்திருப்பேன். தினமும் அதைத்தானே செய்கிறேன். அப்பா சொன்னதால் மூன்று நாள் இழுத்தடித்தேன். பிறகு உட்கார்ந்தேன். நீ சொன்னபடிதான், இடது பக்கத்தைத் திருப்பினேன். மீதியை ஏஐயில் கொடுத்தேன். ஒரு நொடியில் சரிசெய்துவிட்டது. கோணல் எல்லாம் போய்விட்டது. காதுக் கிழிசலும் அதோடு போய்விட்டது, நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சொன்னதற்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. நீ வந்துவிட்டால் தேவலாம் என்று எனக்கு இருந்தது. ரொம்ப இருந்தது. உண்மையான படத்தை அனுப்பினால் நீ வந்துவிடுவாய் என்று தெரியும். என் சுமைக்காக உன்னைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். வரவேண்டும் என்று அதிகமாகத் தோன்றிய அன்றைக்குத்தான் அந்த வேலையை அவ்வளவு கவனமாகச் செய்தேன்.

லோகாம்பாள் அம்மா கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கடைசியாக வந்தார்கள். புதிதாகச் செய்ததைப் போட்டுக் காட்டினேன். மகன் நேராகப் பார்த்து, "கவலப்படாதம்மா" என்கிறான். மறுபடி ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு, "இவன் ரொம்ப நல்லவனா இருக்கான்பா" என்றார்கள்.

"ஏம்மா, புடிக்கலியா?"

"என் புள்ள என்ன நேரா பாக்கவே மாட்டான். எத கேட்டாலும் போனப் பாத்துக்கினுதான் பதில் சொல்லுவான். இது யார் வூட்டுப் புள்ளயோ மாதிரி இருக்குது. அழிச்சிடுபா."

அவர்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தேன். போகும்போது அபியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். இனி இந்த வேலையே வேண்டாம் என்று அபியிடம் சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றாள்.

உண்மையான படம் கேட்பாய். அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் கேட்காமல் எடுத்து அனுப்ப எனக்கு மனமில்லை.

திட்டி எழுது, பரவாயில்லை. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கமல்

*

மடம்
24 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

அப்பா இருக்கிறார் என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன். எனக்கு உடம்பு பரவாயில்லை.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. படம் பொய் என்று தெரிந்த பிறகும் நவம்பரில் உனக்கு எப்படி எழுதினேன்? அப்பா நன்றாகத் தெரிகிறார் என்று எழுதினேன். நேராகக் கேட்டிருந்தால் நீ அப்போதே சொல்லியிருப்பாய். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், பதில் வந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். அந்தப் படம் எனக்கும் வசதியாக இருந்தது.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வற்புறுத்தாதே. அவர் முகம், அவர் இஷ்டம். ஆனால் அவருக்கு நான் ஒன்று அனுப்புகிறேன். இங்கே போட்டோ எடுக்க மாட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியும் கிடையாது. பூசைக்கு அப்பம் சுடும் அறையின் ஜன்னல் கண்ணாடியில் பார்த்துப் பென்சிலில் என்னை வரைந்திருக்கிறேன். வருடக்கணக்காக வரையாததால் கை வரவில்லை. நாலைந்து தாள் வீணாயிற்று. தெரிந்ததைத் தெரிந்தபடி போட்டிருக்கிறேன்.

பார்த்ததும் நீ கேட்பாய். போன மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ரொம்ப நாள் படுத்திருந்தேன். அதிலிருந்து எழுந்த சமயத்தில்தான் குளிர் பழகிவிட்டது என்று உனக்கு எழுதினேன். இளைத்தது இன்னும் தேறவில்லை. முன்பல் ஒன்றும் போய்விட்டது. நல்லதை மட்டும் எழுதுகிறவன் என்று உன்னைச் சொன்னேனே, நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

அப்பாவிடம் காட்டு. ஒன்றும் சொல்லாமல் கையில் கொடு.

அம்சா

*

முசரவாக்கம்
10 பிப்ரவரி 2025

அக்கா,

கடிதம் வந்த அன்றைக்கு அபியும் வீட்டில் இருந்தாள். ஒரு டிசைனைக் காட்டி முடிவு கேட்க வந்திருந்தாள். கவரில் இருந்து தாளை எடுத்து நீ சொன்னபடி அப்பாவின் இடது கையில் கொடுத்தேன்.

முதலில் யார் என்று புரியவில்லை அவருக்கு. தாளைத் தூரமாகப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். பிறகு மடியில் வைத்துத் தடவினார்.

"இன்னாடா இப்டி ஆயிட்டா."

காமாலை வந்ததைச் சொன்னேன்.

"நம்மகிட்ட சொல்லவே இல்லியே."

"நம்மளும்தான் சொல்லல."

காந்தா அத்தை டீ கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "என்னையும் எடு" என்றார்.

நான் தலையணையை வைத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். அபிதான் அவள் போனில் எடுத்தாள். எடுப்பதற்கு முன்பு ஏதோ நோண்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "இந்த போன்ல ஃபேஸ் தானா ஸ்மூத் ஆவுதுண்ணா, ஆஃப் பண்றன்" என்றாள். அப்பாவுக்குச் சட்டை மாற்றட்டுமா என்று அத்தை கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அதனால் படத்தில் பனியனோடு இருக்கிறார். நான் ஒன்றையும் தொடவில்லை. வெளிச்சம்கூடச் சரியில்லை, அப்படியே பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

நீ பார்த்துக்கொள். பார்த்த பிறகு என்ன செய்வாய் என்று கேட்க மாட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. கேட்கத்தான் தோன்றுகிறது. வா என்று எழுத வேண்டும் போலவும் இருக்கிறது. எழுதாமல் நிறுத்திக்கொள்கிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது. அதையும் மறைத்தால் மறுபடி பழைய கதையாகிவிடும்.

மாத்திரை சாப்பிடுகிறாயா? மடத்தில் மோர் கொடுப்பார்களா? காமாலைக்கு அது நல்லது.

கமல்

*

மடம்
1 மார்ச் 2025

அன்புத் தம்பி கமலுக்கு,

உங்கள் இருவரையும் ஆண்டவர் காக்கட்டும். மோர் கிடைக்கிறது. மாத்திரை நிறுத்தியாயிற்று. கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது.

அப்பாவின் படத்தை மடத்துத் தாயிடம் காட்டினேன். முதல் படத்தையும் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மகளே, வீட்டுக்குப் போ. ஒரு வருடம் இருந்துவிட்டு வா. வராவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்" என்றார். நிஜமாகவே சொன்னார். பெட்டிகூட எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியை மூன்று நாள் அறையில் வைத்திருந்தேன். அப்பாவைக் குளிப்பாட்டுவதை, அந்தக் கையை மடக்கி நீட்டுவதை, மத்தியானம் நீ ஸ்டூடியோவில் நிம்மதியாக வரைவதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாத வேலை ஒன்றுமில்லை. ஆனால் வந்தால் வந்த நாளிலிருந்து திரும்புவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். அது என் முகத்தில் தெரியும். அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன்.

உனக்கு இது நியாயமாகப் படாது. எனக்கே முழுசாகப் படவில்லை. உன் பொய்ப் படத்தை நம்பி நான் இங்கே தங்கவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். நிஜத்தைப் பார்த்த பிறகுதான் தங்குகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், மறைக்காதே.

வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை எழுத மாட்டேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. முடிந்தால் மட்டும். அவர் விரும்பினால் மட்டும்.

அம்சா

*

முசரவாக்கம்
20 மே 2025

அன்பு அக்காவுக்கு,

உன் வார்த்தைப்பாட்டுக்கு வந்துவிட்டுப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது. உனக்கு அன்றைக்கு முழங்கால் வலி என்று தெரிந்தது. தைலம் ஏதாவது இருக்கிறதா?

அன்றைக்கு உன்னோடு பேசியதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

வருவதற்கு அப்பா ஏப்ரல் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்றார். உன் மார்ச் கடிதத்தை அதுவரை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, கோபத்தில் மேசைக்குள் போட்டிருந்தேன். அப்போதுதான் படித்துக் காட்டினேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாய் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "பொட்டி எடுத்தாளா?" என்று கேட்டார். எடுத்தாள், மூன்று நாள் வைத்திருந்தாள் என்றேன். பிறகு சவரம் செய்துவிடச் சொன்னார். கிளம்புவதற்கு இன்னும் நாள் இருந்தது, இருந்தாலும் செய்துவிட்டேன்.

கோவிலில் நீ தரையில் குப்புறப் படுத்து உன்மேல் துணியைப் போர்த்தினார்களே, அப்போது உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பாட்டு நீண்டுகொண்டே போனது. அப்பா சக்கர நாற்காலியில் இருந்து எழப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஏன்டா அவமேல துணி போட்டுட்டாங்கோ?"

"சாமிக்கு குடுத்துட்ட மாதிரி பா. ஒண்ணுமில்ல."

"எழுந்திருப்பாளாடா?"

"எழுந்திருப்பா பா."

என் விரலைப் பிடித்துக்கொண்டார், இடது கையால். நீ எழுந்து நிற்கும் வரை விடவில்லை. நானும் அதுவரைக்கும் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். கோபம் இப்போதும் இருக்கிறது, அன்றைக்கு இருந்த அளவுக்கு இல்லை.

ஸ்டூடியோவை இனி அபியும் நானும் பாதிப் பாதியாகப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம். போர்டில் அவள் பெயரையும் போட்டாயிற்று. காலையில் அவள், மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்த பிறகு நான். களைப்பு குறையவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்து நன்றாகத் தூங்கினேன். வெகுநாளைக்கப்புறம்.

திரும்பி வரும்போது திருவண்ணாமலை தாண்டியதும் அப்பா முன் சீட்டில் இருந்து கேட்டார்.

"போட்டோ எடுத்தியாடா?"

அப்போதுதான் நினைவு வந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு வந்தேன், பையைத் திறக்கவே இல்லை. பார்வையாளர் அறைக் கம்பி வழியாகக் கையை நீட்டி நீ அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஊர் பூராவுக்கும் படம் போட்டுக் கொடுக்கிறவன், அன்றைக்கு ஒன்றுகூட எடுக்காமல் வந்திருக்கிறேன்.

"இல்லபா. மறந்துட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வுடு," என்றார். "அவ பாத்துட்டா."

வந்தவாசி வருவதற்குள் தூங்கிவிட்டார்.

அப்பாவும் நானும் உன்னை விசாரித்ததாக,
கமல்